ஜீவனாம்ச ஜீப்

விவாகரத்துப் பேச்சுவார்த்தையில் என் தோழி கேட்டது ஒரே ஒரு பொருளைத்தான்.

வீட்டை எடுத்துக்கொள் என்றார் அவள் கணவர். வேண்டாம் என்றாள். வங்கியில் இருப்பதில் பாதி என்றார். அதுவும் வேண்டாம் என்றாள். ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருக்கும் என் அலுவலகத்தில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அவள் வக்கீலாக நான் ஒரு பக்கம், அவருடைய வக்கீல் எதிர்ப்பக்கம்.

"பின்ன என்னதான் வேணும், சொல்லு" என்றார் அவர், தாராள மனசோடு.

"ஜீப்பு."

அவர் முகம் வெளுத்ததைக் கண்ணால் பார்த்தேன். அவருடைய வக்கீல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "வீட்ட எடுத்துக்கயேன்" என்றார் மறுபடியும், இப்போது கெஞ்சுகிற குரலில். "மாடியும் சேர்த்து."

என் தோழி பல் டாக்டர். ஒருவர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டு 'வலிக்குதா' என்று கேட்கிற தொழில். பதில் வராது என்று தெரிந்தே கேட்டுப் பழகியவள் என்பதால் அந்த மனிதரோடு எட்டு வருடம் தாக்குப்பிடித்தாள். அவர் குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனியில் மேலாளர். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் கேப்டன். ஊருக்கு வெளியே, ஆறு கடலில் சேருமிடத்தில், சேறும் மணலுமாக ஒரு பெரிய வெளி இருக்கிறது. ஜீப் வைத்திருக்கும் ஆண்கள் சிலர் அங்கே ஒரு கிளப் நடத்துகிறார்கள். வண்டியை வேண்டுமென்றே சேற்றில் இறக்குவது, மாட்டிக்கொள்வது, கயிறு கட்டி இழுப்பது, வெளியே வந்ததும் அதைவிட ஆழமான சேறாகப் பார்த்து மறுபடி இறக்குவது. கிளப்பின் லட்சியமே இவ்வளவுதான். அதற்குத்தான் இவர் கேப்டன். அந்தப் பெயரே நிலைத்துப்போய் நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஒரு நாள்கூட அவளை அங்கே கூட்டிப்போனதில்லை. "உனக்கு முதுகு வலிக்கும்" என்பார். அவளுக்கு முதுகில் ஒரு குறையும் கிடையாது.

"அவர் பேன்ட்ட துவைச்சுத் துவைச்சே அந்த இடம் எனக்கு அத்துப்படி" என்பாள் என்னிடம். "மேல கறுப்புச் சேறு, அடியில களிமண், அதைத் தாண்டினா மணல். வாஷிங் மெஷின் ரிப்பேர்க்காரருக்கு எங்க வீட்டு நாய்கூட வாலாட்டும்."

ஜீப்புக்காக யாரும் கணவனை விட்டுப் போவதில்லை. அவள் பேசுவது அவர் காதில் விழுவதே இல்லை, அதுதான் காரணம். அந்த ஒரு வரியைச் சட்டத்தின் பாஷையில் எழுத எனக்குப் பல பக்கம் பிடித்தது.

ஆக, ஜீப் வந்தது. வந்து, கிளினிக் வாசலில் நின்றது. பெரிய டயரும், மூக்கில் இரும்புக் கம்பியும், திறந்த வண்டியின் மேல்கம்பியில் விளக்கு வரிசையுமாக நின்ற அதைப் பார்த்துவிட்டு, பல் பிடுங்க வந்தவர்கள் இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். அவள் அதில் காய்கறி வாங்கப் போனாள். துணி இஸ்திரிக்குக் கொடுக்கப் போனாள்.

இதைப் பொறுக்க முடியாதவள் எங்கள் மூன்றாவது தோழி. அழகு நிலையம் நடத்துகிறாள், பெயரே பார்லர் என்று ஆகிவிட்டது. "சிங்கத்த வாங்கி வீட்ல எலி பிடிக்க விட்டிருக்க" என்றாள். "வண்டியக் கிளப்புடி. இந்த ஞாயித்துக்கிழமை அங்க போறோம்."

போனோம். பல் டாக்டர் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். பார்லர் தலையில் பெரிய தொப்பி. நான் எதற்கென்றே தெரியாமல் குடை எடுத்துப் போனேன்.

அங்கே பத்துப் பன்னிரண்டு ஜீப்புகள் நின்றன. தொப்பை வைத்த ஆண்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையில் வாக்கிடாக்கி வைத்துக்கொண்டு, பத்தடி தள்ளி நிற்பவரோடு அதில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. "இது கேப்டன் வண்டியாச்சே" என்று ஒருவர் சொன்னது வாக்கிடாக்கியிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். ரொம்ப மரியாதை. "மேடம், இந்தப் பக்கமா ஓட்டுங்க, நல்லாயிருக்கும். அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. லேடீஸுக்கு கஷ்டம்."

பல் டாக்டர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நேராக அந்தப் பக்கம் போனாள்.

ஒரு நிமிடம் பிரமாதமாக இருந்தது. சேறு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி எழுந்தது. பார்லரின் தொப்பி பறந்தது, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பிறகு வண்டி ஒரு பெருமூச்சு விட்டது போலத் தாழ்ந்து நின்றது. டாக்டர் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை, தாழ்ந்தது. மறுபடி மிதித்தாள். பின் சக்கரம் தோண்டி எறிந்த சேறு முழுவதும் நான் விரித்த குடையில் விழுந்தது. எதற்குக் குடை என்பது அப்போது தெரிந்தது.

"இன்னும் மிதிடி" என்றாள் பார்லர்.

"மிதிச்சா கீழ போகுது."

"பாதிக்கு மேல போயிட்டா அந்தப் பக்கம் வெளிய வருமோ என்னமோ."

கரையில் ஆண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. ரிவர்ஸ் போடுங்க என்றார் ஒருவர். போடவே கூடாது என்றார் இன்னொருவர். கயிறு கொண்டு வரலாமா என்று கேட்ட சட்டைக்காரரிடம் டாக்டர், "வேணாம், நாங்களே பாத்துக்கிறோம்" என்றாள். கால்மிதியை உருவி சக்கரத்துக்கு அடியில் போட்டோம். சக்கரம் அதை வாங்கிப் பின்னால் வீசியது. அது ஒரு வாக்கிடாக்கிக்காரரின் வயிற்றில் போய் விழுந்தது. அதன்பின் கூட்டம் கொஞ்சம் விலகி நின்றது.

அப்போதுதான் தார் ரோட்டுப் பக்கமிருந்து ஓர் ஆள் ஓடிவந்தார். கையில் மடக்கு நாற்காலி, கழுத்தில் பைனாகுலர். சேற்றில் ஒரு செருப்பு போனது, நிற்கவில்லை. இன்னொன்றும் போனது.

"காலை எடு. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுன்னு சொல்றேன்ல" என்று கத்திக்கொண்டே வந்தவர், கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் ஓட்டுகிறவள் யார் என்று நினைவு வந்தவராகத் தடுமாறினார். "எடுங்க, டாக்டர்" என்று முடித்தார்.

கேப்டன்தான்.

அவளுக்கும் அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. எட்டு வருடம் 'ஏங்க' என்று கூப்பிட்டவள். தீர்ப்பு வந்ததோடு அந்த வார்த்தை காலாவதியாகிவிட்டது. சட்டத்தில் இதற்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. "மிஸ்டர், நீங்க எங்க இங்க?" என்றாள்.

அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பதிலைக் கரையில் இருந்தவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து நானே தெரிந்துகொண்டேன். ஜீப் கைவிட்டுப் போன அதே மாதம் கிளப்பில் கூட்டம் போட்டு, வண்டி இல்லாதவர் எப்படிக் கேப்டனாக இருக்க முடியும் என்று கேட்டு, கட்டம் போட்ட சட்டைக்காரரைப் புதுக் கேப்டனாக்கிவிட்டார்கள். இவர் அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் அலுவலகத்துச் சின்னக் காரில் வந்து, அதைத் தார் ரோட்டிலேயே நிறுத்தி, நாற்காலி போட்டு உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்துவிட்டுப் போகிறார். யாரும் அவரோடு பேசுவதில்லை. கொண்டுவந்த சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுகிறார்.

இதை டாக்டர் காதில் ஓதினேன். அவள் ஸ்டீயரிங்கில் ஒட்டிய சேற்றை நகத்தால் சுரண்டினாள்.

"இதுக்குத்தாண்டி ஜீப்ப கேட்டேன்" என்றாள் மெதுவாக. "இப்படி ஒக்காந்து வேடிக்கை பாக்கட்டும்னுதான் கேட்டேன். ஆனா நெனச்ச அளவுக்கு ருசியா இல்ல."

"அப்ப எறங்கி அவர ஓட்டச் சொல்லட்டுமா?"

"செருப்பால அடிப்பேன்."

எனவே நான் சேற்றில் இறங்கி நின்று சமரசம் பேசினேன். கேப்டன் வாயால் உதவலாம், கையால் தோண்டலாம், தள்ளலாம். ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது, ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போகக் கூடாது. எதிர்த்தரப்பு ஒரு வார்த்தை மறுக்காமல் ஒப்புக்கொண்டது. அவர் வக்கீல் அன்று இல்லாதது எனக்குச் சௌகரியம்.

"சின்ன கியர் போட்டாச்சா?" என்றார் கேப்டன்.

"எந்தச் சின்ன கியர்?"

"பெரிய கியருக்குப் பக்கத்துல இருக்கே, குட்டியா."

"அது ஸ்பேர் இல்லையா?" என்றாள் டாக்டர்.

கரையில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். கேப்டன் கண்ணை மூடித் திறந்தார். இத்தனை மாதமாக நாலு சக்கரமும் இழுக்கக்கூடிய வண்டியை அவள் இரண்டு சக்கரத்தில் ஓட்டிக் காய்கறி வாங்கியிருக்கிறாள். பழைய கேப்டனாக இருந்திருந்தால் இதற்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருப்பார். அன்று, "பரவால்ல. இப்ப போட்டுக்கலாம்" என்றார். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் வழக்கின் எந்தப் பக்கத்திலும் இல்லாத குரல் அது.

அவர் முழங்கால் போட்டு, கன்னம் டயரில் படும்படி குனிந்து, ஒவ்வொரு டயரிலும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். டயர் தளர்ந்தால் பாதம் அகலமாகும், சேறு தாங்கும் என்றார். பிறகு இரண்டு கையாலும் சக்கரத்தின் முன்னால் தோண்டினார். பார்லரும் தோண்டினாள். ஒரு பிடி எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள்.

"இதையே டப்பால போட்டு வாசனை சேர்த்து மூஞ்சில பூசினா, வரிசையில நின்னு வாங்குவாளுங்க" என்றாள். "நான் இவ்ளோ நாள் எங்கேயிருந்தோ வரவழைச்சிட்டிருக்கேன்."

"டாக்டர், மெதுவா. கிளட்ச்ச பொசுக்குன்னு விடாதீங்க" என்றார் கேப்டன். "ஒரு தடவ வெளிய வந்துட்டா எங்கயும் நிறுத்தாதீங்க. நிறுத்துனா மறுபடி எறங்கிடும். மணலு வர்ற வரைக்கும் போய்ட்டே இருங்க."

மூன்று பேரும் பின்னால் நின்று தள்ளினோம். என் வாழ்க்கையில் எவ்வளவோ பேரை வெளியே தள்ளிவிட்டிருக்கிறேன், எல்லாம் நீதிமன்றத்தில். உடம்பால் தள்ளியது அதுதான் முதல் தடவை. வண்டி முன்னால் ஆடியது, பின்னால் ஆடியது, ஒரு பெரிய சப்தத்தோடு சேறு விட்டுக்கொடுத்தது. ஜீப் துள்ளிப் போய்விட்டது. தள்ளிக்கொண்டிருந்த நாங்கள் அதே வேகத்தில் விழுந்தோம். கேப்டன் முகம் குப்புற விழுந்தார்.

எழுந்து பார்த்தால் ஜீப் எங்கோ போய்க்கொண்டிருந்தது. நிறுத்தாதே என்றால் அவள் நிறுத்த மாட்டாள், அவ்வளவு நல்ல மாணவி. சேறு முடிந்து மணல் வந்தது. மணலிலும் நிறுத்தவில்லை. எதிரே பெரிய மணல்மேடு. அதில் ஏறினாள். மேலே போகப் போக இஞ்சின் சத்தம் மெலிந்தது. உச்சியில் ஒரு கணம் ஜீப்பின் வயிறு முழுதும் வானத்தில் தெரிந்தது. பிறகு ஜீப் இல்லை. சத்தமும் இல்லை.

கேப்டன் ஓடினார். வெறுங்காலோடு, சேறு சொட்டச் சொட்ட. நானும் பார்லரும் பின்னால். ஓடும்போதே எனக்கு ஒரு கேள்வி. இந்த ஆள் ஜீப்புக்காக ஓடுகிறாரா, அவளுக்காகவா? வக்கீல் புத்தி, விழுந்து எழுந்தும் போகவில்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம், ஜீப் மூக்கை மணலில் குத்திச் சாய்ந்து நின்றது. டாக்டர் உள்ளே இருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பக்கத்தில் போகும்வரை தெரியவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கேப்டன் நேராக முன் சக்கரத்துக்குப் போனார். குனிந்து, படுத்து, வண்டிக்கு அடியில் பார்த்தார். பிறகு எழுந்து கதவுப் பக்கம் வந்தார்.

"அச்சு உடையல" என்றார்.

"நான் உடைஞ்சேனான்னு கேக்கலையே."

"நீ உடையமாட்ட. அது எனக்குத் தெரியும்."

டாக்டர் என்னைப் பார்த்து, "பாத்தியா, இதுக்குத்தான் கேஸ் போட்டேன்" என்றாள். கோபமே இல்லை. ஒரு பல்லைப் படத்தில் காட்டி, இதோ இதுதான் சொத்தை என்று விளக்குகிற மாதிரி சொன்னாள்.

அவருக்கு உறைத்ததோ என்னவோ, கையில் ஒட்டிய மணலைச் சட்டையில் துடைத்தார். "அடி எதும் பட்டுச்சா?" என்றார்.

"இல்ல. ஏறுங்க."

பழக்க தோஷத்தில் ஓட்டுநர் கதவைப் பிடித்தார். "பின்னாடி" என்றாள்.

மணலைத் தோண்டி, காற்றை இன்னும் இறக்கி, வண்டியைப் பின்னால் எடுத்தோம். கேப்டன் தன் ஜீப்பின் பின் இருக்கையில் அன்றுதான் முதல் தடவையாக உட்கார்ந்தார். அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. மேட்டில் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவர் தலை மேல் கம்பியில் இடித்தது.

"பின்னால இவ்ளோ தூக்கிப்போடுமா?" என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு.

"உங்களுக்கு முதுகு வலிக்கும்" என்றாள் பார்லர்.

பெட்ரோல் தீரும் நிலைக்கு வரும்வரை ஓட்டினாள். கேப்டன் பின்னாலிருந்து, இடது, வலது, இப்ப விடு, இப்ப மிதி என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதியைக் கேட்டாள், பாதியைக் கேட்கவில்லை. ஒரு செங்குத்தான இறக்கத்தில், "ஏங்க, பிரேக் போடலாமா கூடாதா?" என்று அவளையறியாமல் வந்துவிட்டது. நாங்கள் யாரும் கேட்காதது போல் இருந்தோம். "கூடாது" என்றார் அவர். அவ்வளவுதான்.

திரும்பும்போது புதுக் கேப்டன் வந்து வாழ்த்தினார். "மேடம், நீங்க எங்க கிளப்புல சேரணும்."

"என்ன பதவி காலியா இருக்கு?" என்றாள் டாக்டர். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

ரோட்டோரப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். தலை முதல் கால் வரை சேறு காய்ந்து வெடித்த நான்கு பேர் வரிசையாக இறங்கியதைப் பார்த்து, பங்க்காரர் பெட்ரோல் குழாயைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"என்னம்மா ஆச்சு, விபத்தா?"

"இல்லண்ணே, விவாகரத்து" என்றாள் டாக்டர். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டார்.

மறுவாரம் கேப்டன் என் அலுவலகத்துக்கு வந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஜீப்பைப் பார்க்க அனுமதி வேண்டும் என்றார். பிரிந்துபோன தகப்பன்மார் பிள்ளையைப் பார்க்கக் கேட்டு இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் கண்ணில் இத்தனை ஈரம் இருந்ததில்லை. டாக்டரிடம் சொன்னேன். கொடுக்கலாம் என்றாள். ஆனால் வண்டி தனியாகப் போகாது, தானும் கூட வருவேன், மேட்டில் தான்தான் ஓட்டுவேன், திரும்பியதும் கழுவித் தர வேண்டும், துணியை அவரவர் துவைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. மாதத்தில் மற்ற நாட்களில் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சண்டை போட்டுக்கொண்டே கிளம்புகிறார்கள், எல்லாம் கியரைப் பற்றி, டயரைப் பற்றி. டாக்டரின் அம்மாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. போன வாரம் நான் டாக்டர் வீட்டில் இருக்கும்போது மகளை அடுப்படியில் ஓரங்கட்டி, "மறுபடி சேந்துட்டீங்களாடி?" என்று குசுகுசுத்தார்.

"இல்லம்மா. அவர் நல்லா தள்றாரு, அதான் கூட்டிட்டுப் போறேன்."

அம்மா என்னைப் பார்த்தார். வக்கீலாயிற்றே, ஏதாவது விளக்கம் கிடைக்கும் என்று நினைத்திருப்பார். சொந்தக்காரர்கள் கேட்டால் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கும் தெரியவில்லை. குழம்பு பொங்கியது, டாக்டர் போய் அடுப்பை அணைத்தாள்.