கொட்டாம்பட்டி லைன்

பாண்டிச்செல்விக்கு முதலில் சந்தேகம் தட்டியது சிரிப்புச் சத்தத்தில்தான். ஜெயபாண்டி அவளுக்கு அத்தை மகன். பாவாடை கட்டிய நாளிலிருந்து பார்த்து வருகிறாள், கட்டிக்கொண்டும் நாலு வருஷமாகிறது. அவன் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை. எவ்வளவு பெரிய வேடிக்கை என்றாலும் மூக்கால் ஒரு மூச்சு விடுவான், அத்தோடு சரி. அப்பேர்ப்பட்ட ஆள் பின்னறையில் ஒண்டியாக உட்கார்ந்து கடகடவென்று சிரித்தால், அடுப்படியில் நிற்பவளுக்குக் கை ஓடுமா?

கரண்டியோடு போய் எட்டிப் பார்த்தாள். அவன் முன்னால் அந்தப் பழைய கம்ப்யூட்டர். டி. கல்லுப்பட்டிப் பக்கம் அவன் லேப் வாத்தியாராக இருக்கும் தனியார் பாலிடெக்னிக்கில் பழைய இரும்புக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கி வந்து, ஆறு மாதம் நோண்டி உயிர் கொடுத்திருந்தான். தட்டச்சு விசைகளும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி. மேல் வரிசையில் சிவப்பாகச் சில விசைகள். திரைக்குப் பதிலாக ஒரு குட்டி டிவி. பெட்டியின் பின்னாலிருந்து ஒரு வயர் தீப்பெட்டி அளவு மோடத்துக்குப் போகும். அந்தக் காலத்தில் டெலிபோன் லைனில் மாட்டுவார்களாம். இப்போது இது வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டு, டெலிபோன் மாதிரியே நடிக்கும்.

டிவியில் பச்சை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில்.

'சாப்டாச்சா? இன்னைக்கும் அதே புளிக்குழம்பா?'

செல்விக்கு உச்சந்தலை சுட்டது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது புளிக்குழம்புதான்.

"யாரு மாமா அது?"

"போர்டு நடத்துறவுக." அவன் திரும்பாமலே சொன்னான். "நம்மள மாதிரிப் பழைய மிசினு வச்சிருக்க ஆளுக உள்ள போயி எழுதிப் போடுற எடம். அவுக வீட்டு மிசின்லதான் ஓடுது."

"அவுகன்னா, ஆம்பளையா பொம்பளையா?"

"தமிழ்வாணின்னு பேரு. கொட்டாம்பட்டி. வீட்டுல இருந்தே மெட்ராஸ் கம்பெனிக்கு வேலை பாக்குறாங்க."

அமெரிக்கா என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்குப் பாதி எரிச்சல் குறைந்திருக்கும். கொட்டாம்பட்டி, மேலூர் தாண்டினால் வந்துவிடுகிற ஊர். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்க வேண்டும்.

அதைவிடக் கொடுமை பின்னால் தெரிந்தது. அந்தப் போர்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் போக முடியுமாம், ஒரே லைன்தானாம். அவன் உள்ளே போய்விட்டால் வேறு யாரும் நுழைய முடியாது. அவனும் அவளும் மட்டும். இதை அவனே, ஏதோ பெருமை போல, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னான்.

மெசின் வந்த புதிதில் "வா புள்ள, கத்துத் தாரேன்" என்று அவன் கூப்பிட்டது உண்மைதான். காளவாசல் கூரியர் ஆபீசில் நாள் முழுக்கப் பார்சலுக்கு நம்பர் அடித்துவிட்டு வந்தவளுக்கு இன்னொரு விசைப்பலகையைக் கண்டாலே ஆகாது. "எனக்கு வேற சோலி இல்லையாக்கும்" என்று போய்விட்டாள். இப்போது அந்தச் சோலியை வேறொருத்தி பார்க்கிறாள்.

அதற்கப்புறம் அவள் கவனிக்காத மாதிரி கவனிக்கத் தொடங்கினாள். துணி மடிக்கிற சாக்கில் கட்டிலில் உட்கார்ந்து, அவன் எதை அழுத்துகிறான், எதற்கு அப்புறம் எது வருகிறது என்று பார்த்து வைத்தாள். முதல் சிவப்பு விசை கொட்டாம்பட்டியைக் கூப்பிடும். இரண்டாவது, அவன் பேரையும் பாஸ்வேர்டையும் தானே அனுப்பிவிடும். அதற்கு முன்னால் மெனுவுக்குள் போய் எதையோ மாற்றுவான். மெசினைக் கிளப்புகிற ஃப்ளாப்பித் தட்டில் புதிதாக எதையும் சேமிக்க முடியாது என்பதால் தினமும் மாற்ற வேண்டும் என்று ஒருமுறை அலுத்துக்கொண்டான். அந்த மெனுவை மட்டும் அவன் தோள் மறைத்துக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை அவனுக்குப் பரீட்சை டூட்டி. அவளுக்கு லீவு. அவன் பைக் தெருமுனை திரும்பியதும் பின்னறைக்குப் போனாள். 'சும்மா பார்க்கத்தான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டதைப் பார்த்தால் சும்மா மாதிரி இல்லை.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி இரண்டு தரம் கூவியது. ஃப்ளாப்பி கரகரத்தது. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது. மோடம் விழித்திருக்கிறதா என்று கேட்க, அவன் 'ஏடி' என்று இரண்டு எழுத்து அடிப்பான், அது 'ஓகே' என்று பதில் தரும். அடித்தாள். ஓகேக்குப் பதிலாக ஒரு கட்டமும் இரண்டு புள்ளியும் வந்தன. மறுபடி அடித்தாள். மறுபடியும் கட்டம், புள்ளி, பாதி நிலா மாதிரி ஏதோ ஒன்று.

வேகம் ஒத்துப்போகாவிட்டால் கோழி கிண்டின குப்பை மாதிரி வரும் என்று அவன் போனில் யாருக்கோ சொன்னது ஞாபகம் வந்தது. மெனுவைத் திறந்தாள். வேகம் என்ற இடத்தில் சின்ன நம்பர் இருந்தது. ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் 'ஏடி' அடித்துப் பார்த்தாள். குப்பை, குப்பை, குப்பை. பிறகு சுத்தமாக, 'ஓகே'.

அந்த இடத்தில் அவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது என்பதை மறைக்க முடியாது. ஆனால் அவள் சந்தோஷப்பட வரவில்லை. முதல் சிவப்பு விசையை அழுத்தினாள். மோடத்தில் விளக்கு துடித்தது. இரண்டாவதை அழுத்தினாள். 'வருக ஜேபி' என்றது திரை.

ஜேபி! வீட்டில் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

மூச்சு விடுவதற்குள் கீழே எழுத்து ஓடியது. 'என்ன ஜேபி, இன்னைக்கு டூட்டின்னு சொன்னீங்க?'

சொல்லியிருக்கிறான். டூட்டி, குழம்பு, இன்னும் என்னவெல்லாமோ. செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். 'சீக்கிரம் வந்துட்டேன்.'

கொட்டாம்பட்டியிலிருந்து இப்போது நீளமாக ஒன்று வந்தது. ஆனால் எலி கடித்த துணி மாதிரி வந்தது.

'நா... அன்னைக்கே ...ன்னேன்ல. கா... மூ... ...ஷயத்த இன்னு... மறைக்... ...ப்பு. வீட்ல சொல்லிட்டீங்களா?'

கடைசி வரி மட்டும் ஒரு எழுத்துகூடக் குறையாமல் முழுசாக இருந்தது. வீட்ல சொல்லிட்டீங்களா.

வீட்டில் என்ன சொல்ல வேண்டும்? மறைக்க என்ன இருக்கிறது? 'கா' என்றால் என்ன, காதலா? விட்டுப்போன எழுத்துகளிலெல்லாம் அவளே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எதைப் போட்டாலும் காதலில்தான் போய் முடிந்தது. இப்படியே டிவியைத் தூக்கித் தெருவில் போட்டால் என்ன என்று தோன்றியது. போட்டால் மீதி எழுத்து தெரியாமலே போகும்.

'எழுத்து விட்டு விட்டு வருது' என்று அடித்தாள்.

'ஃப்ளோ கண்ட்ரோல் போடலையா? நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க!'

இது சின்ன வாக்கியம் என்பதால் ஒழுங்காக வந்து சேர்ந்தது. செல்வி, 'மறந்துட்டேன்' என்றாள்.

'சரியாப் போச்சு' என்று பதில் வந்தது. பிறகு, அவள் நிலைமையைப் புரிந்துகொண்டவள் போல, தமிழ்வாணி ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று வார்த்தைகளாகப் பிரித்து அனுப்பினாள். 'மெனுக்குப் போங்க.' 'வேகத்துக்குக் கீழ பாருங்க.' 'ஆஃப்ல இருக்கும்.' 'ஆன் பண்ணுங்க.' 'பெட்டி மெதுவா வாங்கும்.' 'மோடம் வேகமாக் கொட்டும்.' 'இது வாங்குற வரைக்கும்.' 'அது பொறுக்கணும்.' 'அம்புட்டுதான் விசயம்.'

பொறுமையாகத்தான் சொன்னாள். அந்தப் பொறுமையே செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்கு இத்தனை பதமாக ஒருத்தி தினமும் பேசினால், கரண்டியும் கையுமாய்க் கத்துகிறவள் எங்கே நிற்பாள்? மெனுவில் ஆஃபை ஆன் ஆக்கினாள். 'மறுபடி அனுப்புங்க' என்று அடித்தாள்.

இப்போது ஒரு எழுத்து விடாமல் வந்தது, கூடவே இன்னும் கொஞ்சம் சேர்த்தும்.

'நான் அன்னைக்கே சொன்னேன்ல. காலேஜ் மூடுற விஷயத்த இன்னும் மறைக்கிறது தப்பு. வீட்ல சொல்லிட்டீங்களா? பொங்கல்ல இருந்து ஒரே ஆளா இதச் சுமந்துக்கிட்டு இருக்கீங்க. ராத்திரி தூக்கம் வரலேன்னு சொன்னதுல இருந்து எனக்குக் கவலையா இருக்கு.'

செல்வி அதை இரண்டு தரம் வாசித்தாள். அவள் பயந்தது எதுவும் அதில் இல்லை. முதலில் மனசு லேசானது. உடனே அதைவிடப் பெரிய கனம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே கட்டிலில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் படுத்திருப்பவளுக்கு அது தெரியாது. கொட்டாம்பட்டிக்குத் தெரியும்.

விரல் தானாக அடித்தது. 'நான் ஜேபி இல்ல. அவரு பொண்டாட்டி.'

கோடு மட்டும் மின்னியது. பிறகு எழுத்து வந்தது.

'அவர் பேர்ல வந்து, அவர் சொல்லாதத என் வாயால வாங்கிட்டீங்க. நீங்களே கேட்ருக்கலாம். எனக்கு இது பிடிக்கல.'

அதற்குக் கீழே மோடம் தன் பாஷையில் 'நோ கேரியர்' என்றது. தமிழ்வாணி லைனை அறுத்துவிட்டாள்.

"என் புருசன என்கிட்ட எப்பிடிக் கேக்கணும்னு நீ சொல்லித் தாரியா?" என்று செல்வி டிவியைப் பார்த்துக் கத்தினாள். கத்திவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். கொட்டாம்பட்டிக்காரி சொன்னது நியாயம் என்பதுதான் தாங்க முடியவில்லை.

ஜெயபாண்டி பொழுது சாய வந்தான். சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம் நேராகவே கேட்டாள்.

"காலேஜ மூடப் போறாங்களாமே."

அவன் கை பித்தானிலேயே நின்றது. "யாரு சொன்னா?"

"கொட்டாம்பட்டி."

"உள்ள போனியா?"

"போனேன். ஒங்க பேருலதான் போனேன். அதுக்கு என்னா வேணும்னாலும் வையிங்க. அதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்லுங்க. பொங்கல்ல இருந்து தெரிஞ்சு என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"எப்பிடிச் சொல்றது? வாத்தியாரு வேலைன்னுதான மாமா ஒன்னயக் குடுத்தாரு. ஒங்கண்ணன் காளை போற எடமெல்லாம் 'எங்க மாப்ள வாத்தியாரு'ன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறான். வேற வேலை கெடச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். கெடைக்கல."

"அவகிட்ட மட்டும் சொல்றதுக்கு வாய் வந்துச்சோ?"

"வாய் எங்க வந்துச்சு? விரலுதான். அந்தப் பக்கம் மொகம் தெரியாது செல்வி. ஒன் மொகத்தப் பாத்தா எனக்கு முடியல."

"மாமா, நீங்க அவளோட சினிமாவுக்குப் போயிருந்தாக்கூட மண்டைய ஒடச்சு, ரெண்டு நாள்ல சரியாயிருக்கும். இது அப்பிடி இல்ல. ஒங்க பயத்தக் கொண்டு போயி அவகிட்டக் குடுத்திருக்கீங்க. அது எனக்கு வரவேண்டியது. எனக்கு அவ மேல பொறாமைதான். வயிறு எரியுது. சொல்லிட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இப்படி ஒன்றின் மேல் அவளுக்குப் பொறாமை வரும் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "மனசுக்குள்ள பூட்டி வச்சுக்கிட்டு நான் என்னா சுகத்தக் கண்டேன்" என்றான். பிறகு சொன்னான். நிர்வாகம் கூப்பிட்டுச் சொன்னது, சம்பளம் பிந்தியது, விண்ணப்பம் போட்ட இடங்களில் வயதைக் கேட்டது, எல்லாவற்றையும். குழறிக் குழறித்தான் சொன்னான். டிவியில் அவனுக்கு ஓடுகிற தமிழ் வாயில் ஓடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளுக்கு அது சுலபமாக இல்லை.

மறுநாள் காலையில் அவனே போய் மெசினைப் போட்டான். "நீயும் வா" என்றான். அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். நடந்ததற்கு மன்னிப்பு என்று அவன் அடித்தான். 'பரவால்ல சார்' என்று வந்தது பதில். அதற்கப்புறம் தமிழ்வாணி எழுதிய எதுவும் இரண்டு வார்த்தையைத் தாண்டவில்லை. 'சரி.' 'பார்க்கலாம்.' பிறகு, 'பக்கத்துல இருக்காங்களா?' என்று கேட்டாள். அவன் செல்வியைப் பார்த்துவிட்டு, 'இருக்கா' என்று அடித்தான். திரை சும்மா நின்றது.

அவன் முகம் வாடிப்போனதைச் செல்வி பார்த்தாள். இனிக்கத்தான் செய்தது. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு இனிப்பு. அடுத்த நொடியே அது நாக்கில் திரிந்தது. வேலை போகிற நேரத்தில் ஒரு மனுசனுக்கு இருந்த ஒரே சிநேகத்தை அடைத்து நிற்கிறோமே என்று பட்டது.

"நான் கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று எழுந்தாள்.

"எதுக்கு? எல்லாந்தான் இருக்கே."

"போயிட்டு வாரேன் மாமா. பேசுங்க."

பைபாஸ் ரோடு வரைக்கும் நடந்தாள். ஒரு கடையில் மல்லித்தழை வாங்கினாள். இன்னொரு கடையில் நின்று எதையும் வாங்காமல் விலை கேட்டாள். இந்நேரம் என்ன எழுதிக்கொண்டிருப்பான், தன்னைப் பற்றி என்ன எழுதுவான் என்று மனசு பின்னறையிலேயே கிடந்தது. திரும்பி ஓடிப் போய் ஜன்னலில் எட்டிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள். போகவில்லை. வேண்டுமென்றே கோவில் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

வந்தபோது டிவி அணைந்திருந்தது. அவன் வாசலில் நின்று அவளைத் தேடிக்கொண்டிருந்தான்.

"கப்பலூர்ல ஒரு கம்பெனியில பழைய மிசினுகளக் கவனிக்க ஆளு வேணுமாம்" என்றான், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள். "அவுகளுக்குத் தெரிஞ்ச எடம். நாளைக்கே வரச் சொல்றாங்க. வாத்தியாரு வேலை இல்ல. அழுக்கு வேலைதான். போகவா?"

அவளைக் கேட்கிறான். தகவல் வந்தது கொட்டாம்பட்டியிலிருந்து, கேள்வி வந்தது அவளிடம். வயிற்றெரிச்சல் முழுசாக அடங்கியதென்று சொல்ல முடியாது. அதையும் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"போங்க மாமா. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்கு அரை நாள் லீவு போடுறேன், நானும் கூட வாரேன்."

மல்லித்தழையை அவன் வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.