சாரி சொன்னவர்களின் விரல்கள்

டப்பா ஃபேக்டரியில் சாரி சொன்னதால் முதலில் புண் வந்தது மேனேஜருக்கு. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அச்சு மெஷின்காரியிடம், டீயை உறிஞ்சிக்கொண்டே, "சாரிம்மா" என்றார். அவளுக்கு வலது கையில் எந்த மூன்று விரல்கள் போயிருந்தனவோ, அவருக்கும் அதே மூன்று விரல்களின் அடியில் தோல் பிளந்து ரத்தம் கசிந்தது. கப் கீறியிருக்கும் என்றார்கள். பிறகு சூப்பர்வைசர் சொன்னான், அவனுக்கும் பிளந்தது. தலைமை ஆபீஸிலிருந்து போனில் சொன்னவருக்கு, போன் பிடித்த கையிலேயே வந்தது.

தகரத் தகட்டை டப்பா மூடியாக வெட்டும் அந்த மெஷினுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். உள்ளே கை சிக்கக் கூடாதென்று எவனோ ஒரு புண்ணியவான் செய்துவைத்த ஏற்பாடு. வேகம் போதவில்லை என்று சூப்பர்வைசர் ஓர் ஐஸ் குச்சியை ஒடித்து, வலது பொத்தான் அழுந்தியபடியே நிற்கும்படி செருகிவிட்டான். இடது கை அழுத்தும், வலது கை தகடு வைக்கும். மேனேஜருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். விரல்கள் போன மறுநாள் மெஷினைப் பளபளவென்று துடைத்தார்கள், குச்சியை எடுக்கவில்லை. வெட்கங்கெட்டவர்கள், அதே ஸ்டூலில் அவள் தங்கையை உட்காரவைத்தார்கள்.

ஊரே புண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் சொல்லைப் பார்க்கப் போனாள். நூலகத்தில் தலையணை போலத் தடித்த ஆங்கில அகராதியை இடது கையால் புரட்டினாள். அந்தச் சொல் பிறந்தபோது அதில் மன்னிப்பே இல்லையாம். வலி நிறைந்த, மனம் நொந்த என்றுதான் பொருளாம். புண்ணைக் குறிக்கும் பழைய சொல் ஒன்றின் வயிற்றில் பிறந்ததாம். பல நூறு வருஷம் வாய்களில் தேய்ந்து, பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற சொல்லாகிவிட்டது. படிக்கப் படிக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் சத்தத்தையா இத்தனை நாளும் கொடுத்தார்கள்?

இதற்குள் ஃபேக்டரியில் அந்தச் சொல்லுக்குத் தடை போட்டு நோட்டீஸ் ஒட்டியாயிற்று. மருந்துப் பெட்டியில் புதுப் பஞ்சு வந்தது. குச்சி இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் நேராக மெஷினுக்குப் போய் கரண்ட்டை நிறுத்தினாள். தங்கையை ஸ்டூலிலிருந்து எழுப்பினாள். மேனேஜர் கட்டுப்போட்ட கையோடு ஓடிவந்தார்.

"இன்னும் நான் என்னதான்மா சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். குச்சியை எடுங்க."

"இந்த ஆர்டர் முடியட்டும்மா."

"சரி. அதுவரைக்கும் நீங்க உட்காந்து தகடு வைங்க. என் தங்கச்சி உட்கார மாட்டா."

மேனேஜர் ஸ்டூலைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். பழக்க தோஷம், வாயில் "சா" என்று வந்துவிட்டது, கட்டு சிவந்தது. மற்ற மெஷின்காரிகளும் ஒவ்வொருவராகத் தங்கள் மெஷினை நிறுத்தினார்கள். அவர் குனிந்து, நகம் பெயர, குச்சியைப் பிடுங்கினார்.

கட்டை அவிழ்த்தபோது புண்ணின் தடம்கூட இல்லை. சூப்பர்வைசருக்கும் தலைமை ஆபீஸ்காரருக்கும் அதே நிமிஷம் ஆறியது. அவளுக்கு விரல்கள் முளைக்கவில்லை. கோபமும் ஆறவில்லை, ஏன் ஆற வேண்டும்? தங்கை இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்துகிறாள், பத்து விரல்களோடு வீட்டுக்கு வருகிறாள்.

அந்த ஊரில் இப்போது பஸ்ஸில் யார் காலையாவது மிதித்துவிட்டால் சாரி சொல்வதில்லை. தங்கள் காலை எடுத்துவிடுகிறார்கள்.