திருப்பிப் போட்ட தாள்

“கொஞ்சம் பொறுங்கண்ணே, கதவை மூடாதீங்க. இதோ வந்துடுவான்” என்று வேன் ஓட்டுநரிடம் கெஞ்சிவிட்டு, அவள் மறுபடியும் தம்பிக்குப் போன் போட்டாள்.

“எங்கடா நிக்கிற?”

“கிழக்கு வாசல்லதான்க்கா. அரை மணி நேரமா நிக்கிறேன். உங்கள்ல ஒருத்தரையும் காணோம்.”

“நாங்களும் கிழக்கு வாசல்லதான்டா இருக்கோம்!”

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. “நீ நிக்கிற எடத்துல வெயிலா, நிழலா?”

“வெயில்தான். மூஞ்சியில அடிக்குது.”

தலையில் அடித்துக்கொண்டாள். மணி நாலரை. அவள் நின்ற இடத்தில் கோட்டை மதிலின் நிழல் வேனையும் தாண்டிச் சாலைவரை விழுந்திருந்தது. மதிலுக்குக் கிழக்கே நின்றால்தானே சாயங்காலம் நிழல் விழும்? ஆனால் தலைக்கு மேலே தொல்லியல் துறையின் பலகை ‘மேற்கு வாசல்’ என்று கூசாமல் சொன்னது.

வேனில் கிடத்தியிருந்த அப்பா அந்தத் துறையில் படம் வரைபவராக இருந்தவர். மதிலும் அகழியுமாக இந்தப் பழைய கோட்டை மண்ணிலிருந்து வெளியே வந்தபோது அதன் முழுப் படத்தையும் போட்டது அவர்தான். கடைசிப் பிரதி எடுக்கையில் ட்ரேசிங் தாள் புரண்டுவிட்டது. கவனிக்காமல் பின்பக்கத்தில் மை போட்டு, வாசல்களுக்குப் பெயரும் எழுதிவிட்டார். கிழக்கு மேற்காயிற்று. அறிக்கை அச்சானது, அதைப் பார்த்துப் பலகை நட்டார்கள், போனில் இருக்கும் மேப்பும் அதையே காப்பியடித்தது. ‘தப்பு என்னுடையது, திருத்திவிடுங்கள்’ என்று அப்பா பதினோரு கடிதம் எழுதினார். செய்த தப்பை ஒப்புக்கொள்ளக்கூட ஒரு மனிதன் இப்படி நடையாய் நடக்க வேண்டுமா?

வீட்டில் மட்டும் கிழக்கு கிழக்காகவே இருந்தது. அந்தப் பழக்கத்தில்தான் காலையில் எல்லோருக்கும் ‘கிழக்கு வாசல் பக்கத்து இடுகாடு’ என்று செய்தி அனுப்பித் தொலைத்திருந்தாள்.

“கோட்டைக்குள்ள பூந்து நடந்து வாடா. இருபது நிமிஷந்தான்.”

“நாலு மணிக்கே பூட்டிட்டாங்களாம். சுத்தி வரலாம்னா அகழிப் பாலத்துல வண்டியெல்லாம் நிக்குது, நடந்தா ஒரு மணி நேரமாகுமாம். அப்பா ஆபீஸ் சார் ஒருத்தர் மலர்வளையத்தோட இங்கதான் இருக்காரு.”

“அவர்கிட்ட குடு.”

“ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்” என்றார் அதிகாரி. “போர்டைப் பாத்துதான் வந்தோம்.”

“அந்த போர்டு தப்புன்னுதான் சார் எங்கப்பா காலம் பூரா எழுதிட்டிருந்தாரு.”

“தெரியும் மேடம். ஃபைல் என்கிட்டதான் இருக்கு. வரைஞ்சவர் நேர்ல வந்து உறுதிப்படுத்தணும்னு பதில் போட்டோம். அவர் வரலையே.”

“மூணு தடவை வந்தாரு. மூணு தடவையும் நீங்க மீட்டிங்ல இருந்தீங்க.” அவளுக்கு ஆத்திரத்தில் போனைத் தூக்கி மதில்மேல் அடிக்கலாம் போலிருந்தது. “அதை விடுங்க. என் தம்பி அப்பா முகத்தைப் பாக்கணும். கதவைத் தொறக்கச் சொல்லுங்க.”

“மேல ஒரு வார்த்தை கேட்டுடறேன்.”

மேலே கேட்டார். அனுமதி வந்தது, சாவி வரவில்லை. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

ஐந்து மணிக்கு மாமா அவள் பக்கத்தில் வந்து நின்றார். “அஞ்சரைக்கு இடுகாட்டைப் பூட்டிடுவாங்கம்மா. குழி வெட்டினவங்களும் முணுமுணுக்கிறாங்க.”

“இன்னும் அஞ்சு நிமிஷம் மாமா.”

அந்த ஐந்து நிமிடம் மூன்று முறை போனது. நாலாவது முறை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அப்பாவின் முகத்துத் துணியை அவளேதான் இழுத்து மூடினாள்.

மண்ணைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தபோது, ஒருவழியாகச் சாவி வந்து திறந்த கோட்டை வழியே தம்பி ஓடிவந்தான். கால்சட்டை முட்டிவரை புழுதி. பேச மூச்சில்லாமல் குழியிருந்த இடத்தையே பார்த்தான்.

“அக்கா...”

“மூடியாச்சுடா.”

அவன் உட்கார்ந்துவிட்டான். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த அதிகாரி மலர்வளையத்தை நிமிர்த்திப் பிடித்தபடி அவளருகே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“தலை எந்தப் பக்கம் மேடம்?”

“கிழக்க.”

இரண்டடி வைத்தவர் நின்றார். மண்மேட்டின் ஒரு முனையைப் பார்த்தார், மறுமுனையைப் பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பினார்.

“எந்தக் கிழக்கு?”

தம்பி எழுந்து போய் அவர் கையிலிருந்து வளையத்தை வாங்கிக்கொண்டான்.