வாரத்துக்கு ஒரு புளுகு

எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் வாரத்துக்கு ஒரு புளுகு உண்டு. சொல்பவர் பூகோள டீச்சர், கண்டுபிடிக்க வேண்டியவர்கள் பிள்ளைகள். எந்த நாளில், எந்தப் பாடத்துக்கு நடுவில் வரும் என்று யாருக்கும் தெரியாது. மலையில் பிறந்து, சமவெளியில் ஓடி, என்று சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும் ஆறு, ‘மழைக்காலத்தில் மட்டும் மறுபடியும் மலையேறும்’ என்று திடீரென்று ஒரு போடு போடுவார். டீச்சர் முகத்தில் ஓர் இமை அசையாது. அதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு வேறு போடுவார்.

மேசை ஓரத்தில் ஒரு பழைய சைக்கிள் மணி திருகப்பட்டிருந்தது. குழாய் வேலை பார்க்கும் டீச்சரின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முடுக்கிக் கொடுத்தது. புளுகைப் பிடித்தவர் ஓடிவந்து அந்த மணியை ஒரு டிங் அடிக்க வேண்டும். காரணத்தையும் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் பிடித்தவருக்கு டீச்சரின் நாற்காலி, பிடிபட்டவருக்கு மூன்றாவது பெஞ்சு. பாடவேளை முடியும் வரை டீச்சர் அந்தப் பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்துதான் பாடம் நடத்துவார். பெஞ்சோ ஒரு கால் குட்டையானது. உட்கார்ந்தவரை லேசாக ஆட்டிப் பார்க்கும்.

இந்தக் கூத்தெல்லாம் விளையாட்டுக்கு ஆரம்பித்ததல்ல. மூன்று வருஷத்துக்கு முன்னால் டீச்சர் காய்ச்சலோடு வகுப்புக்கு வந்து, பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற முந்நூற்று அறுபத்தைந்து நாள் ஆகும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அப்படியானால் ஒரு பகல் ஆறு மாதம் இருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள், நாற்பதும் எழுதிக்கொண்டன. பரீட்சையிலும் அப்படியே எழுதின. ஒரு பிள்ளையாவது ஜன்னல் வழியே வெளியே பார்த்து, ‘அப்புறம் எப்படி டீச்சர் தினமும் இருட்டுது?’ என்று கேட்கக் கூடாதா? விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்தபோது டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் சைக்கிள் மணி வந்தது.

இப்போது அந்த வகுப்பில் கொட்டாவி விடுவதற்கு யாருக்கும் நேரமில்லை. டீச்சருக்கும் காலையில் படி ஏறும்போது கால் தானாக வேகமெடுக்கும். உலகத்தில் அவருக்கு வேண்டியது அந்த ஒரு அறைதான், நசுங்கின உலக உருண்டையும் ஆடுகிற பெஞ்சும் சேர்த்து.

கண் பட்டதோ என்னவோ, ஒரு நாள் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

பெரிய டீச்சர் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தலைமை. அவர் பல்லைப் பார்த்தவர் பல் டாக்டர் ஒருவர்தான் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு. மேசைக்கு எதிரே ஒரு தையல்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு டேப்பைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தார்.

“என் பொண்ணு உங்க வகுப்புலதான் டீச்சர் படிக்குது. வாயே தொறக்காத பொண்ணு. இப்ப வீட்ல எதுக்கெடுத்தாலும் ‘அது நிஜமாப்பா?’ன்னு கேக்குது. கேட்டா கேட்டுட்டுப் போகட்டும், நேத்து கடையில ஒரு அம்மாகிட்ட ‘நாளைக்கு ரவிக்கை ரெடி’ன்னு சொன்னேன். இது பக்கத்துல நின்னுகிட்டு, ‘புளுகு! துணியே இன்னும் வெட்டலையே’ன்னுது. அந்த அம்மா துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

பூகோள டீச்சருக்கு உதடு துடித்தது. சிரித்துத் தொலைத்தால் காரியம் கெட்டது என்று சுவரில் தொங்கிய கால அட்டவணையை எழுத்தெழுத்தாகப் படித்தார். ஆனால் அதிசயம் என்னவென்றால், அந்தப் பெண் வகுப்பில் ஒரு நாளும் மணி அடித்ததில்லை. கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் இருப்பாள். நடந்தால் சத்தம் வராது என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் பூனை.

தையல்காரர் போனதும் பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“புதன்கிழமை மேலதிகாரி வர்றார். உங்க வகுப்பைத்தான் பார்க்கணும்னு கேட்டிருக்கார். அன்னைக்குப் புளுகு, மணி, பெஞ்சு எதுவும் கூடாது. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா அந்த வகுப்பைக் கணக்கு சாருக்குக் கொடுத்துடுவேன். நீங்க ஆபீஸ்ல உக்காந்து அட்டவணை போடலாம்.”

“ஒண்ணும் ஆகாது மேடம். நான் பார்த்துக்கறேன்,” என்றார் டீச்சர்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிகிற நேரம் பிள்ளைகளிடம் நேராகவே சொன்னார்: “நாளைக்கு ஒரு அதிகாரி வருவார். நாளைக்குப் புளுகு கிடையாது. சத்தியமா கிடையாது. மணிப் பக்கம் யாரும் வரக் கூடாது.”

நாற்பது பிள்ளைகளும் தலையை ஆட்டின. ஆட்டிய விதத்தில் டீச்சருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிள்ளைகளுக்கோ அந்த வாரத்துப் புளுகு இன்னும் வந்திருக்கவில்லை. முன் பெஞ்சில், இரண்டு முன்பல்லுக்கு நடுவே காற்றுப் போவதால் சீட்டி என்று பெயர் வாங்கிய பையன், வாசலைத் தாண்டியதும் கூட்டம் கூட்டிவிட்டான்.

“‘புளுகு கிடையாது’ன்னாங்க பாரு, அதான்டா புளுகு. போன மாசம் தம்பிய விஞ்ஞானி வேஷத்துல கூட்டிட்டு வரல? மழையை எடைக்கல்லு வச்சு கிலோ கணக்குல அளக்கணும்னு அவரு சொல்லல? நாளைக்கு அதிகாரி வேஷம். எல்லாரும் காதைத் தீட்டி வச்சுக்கோங்க.”

விதைத்தது முளைக்கும், வேறென்ன?

புதன்கிழமை மேலதிகாரி வந்தார். கோட்டு, டை, கையில் சின்ன நோட்டு. பெரிய டீச்சர் வகுப்பின் பின்னால் சுவரோடு சுவராக நின்றார். டீச்சர் ஆறுகளைப் பற்றிப் பாடம் எடுத்தார், அப்பழுக்கில்லாத பாடம். ஒரு ஆறும் மலையேறவில்லை. பிள்ளைகளோ ஒவ்வொரு வாக்கியத்தையும் பல்லில் கடித்துப் பார்த்தார்கள். இருபது நிமிஷமாயிற்று, முப்பது ஆயிற்று. சீட்டி உலக உருண்டையை எட்டிப் பார்த்தான், கடல் எதுவும் இடம் மாறவில்லை. பெஞ்சுகளில் ஒரு நெளிவு. இன்னும் ஐந்தே நிமிஷம், தாண்டிவிட்டால் போதும் என்று டீச்சர் எண்ணிக்கொண்டிருந்தார்.

மேலதிகாரிக்குப் பாடம் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் வினை. எழுந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார்.

“ரொம்ப நல்லா கவனிக்கறீங்க. நானும் ஒண்ணு சொல்லித் தரேன். கோடைக்காலத்துல ஏன் இவ்வளவு சூடு? பூமி சுத்திக்கிட்டே சூரியனுக்குக் கிட்ட வந்துடுது. தள்ளிப் போனா குளிர்காலம். அவ்வளவுதான் விஷயம்.”

டிங்!

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது சீட்டி மணியின் மேல் கை வைத்தபடி நின்றான். முகமெல்லாம் வெற்றி.

“புளுகு! மாட்டிக்கிட்டாரு! கிட்ட வந்தா பூமி முழுக்கத்தான சார் சுடணும்? நமக்கு இங்க வேர்த்து ஊத்தும்போது உருண்டையோட அந்தப் பக்கம் குளிர்காலமாச்சே! பூமி சாய்ஞ்சு சுத்துது, அதனாலதான் சார்.”

வகுப்பு கைதட்டியது. ஒரு குரல், “டீச்சர், உங்க தம்பியை விட இவர் நல்லா நடிக்கிறார்!” என்றது. இன்னொன்று, “டையைப் பாரேன், நிஜ டை மாதிரியே கட்டியிருக்காரு!” என்று வியந்தது.

மேலதிகாரி உருண்டையைப் பார்த்தார். அதன் சாய்வைப் பார்த்தார். விரலால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். காது மடல் சிவந்தது.

“இப்ப என்ன பண்ணணும்?” என்று கேட்டார்.

“மூணாவது பெஞ்சு சார். எனக்கு டீச்சர் நாற்காலி,” என்றான் சீட்டி.

டீச்சர் குறுக்கே ஓடி வருவதற்குள் அவர் போய் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சு தன் வழக்கப்படி ஒரு ஆட்டு ஆட்டியது. பாடவேளை முடிகிற வரை மேலதிகாரி நோட்டில் ஏதோ எழுதினார். எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே போன பெரிய டீச்சர் வாசலில் நின்று, “நாளைக்குப் பேசிக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக் குழாயடியில் குறடைக் கழுவிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடித்து, “என்னை விட நல்லா நடிச்சாருன்னா சொன்னாங்க?” என்றார்.

“என் வகுப்பே போகப் போகுதுடா. உனக்கு அதுவா முக்கியம்?”

“வகுப்பு போகாதுக்கா. ஆனா என் நடிப்புல என்ன குறைன்னு அந்தப் பசங்ககிட்ட கேட்டுச் சொல்லு.”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

மறுநாள் முதல் பாடவேளை. பிள்ளைகளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது, வந்தவர் நிஜ அதிகாரி என்று. சீட்டிக்கு முகத்தில் ஈயாடவில்லை. பெரிய டீச்சர் ஒரு காகிதத்தோடு உள்ளே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வருகைப் பதிவேடு படிக்கிற அதே குரலில் படித்தார்:

“எட்டாம் வகுப்பு ஆ பிரிவின் பூகோளப் பாடம், வரும் நவம்பர் முப்பத்தொன்றாம் தேதி முதல் கணக்கு ஆசிரியரிடம் ஒப்படைக்கப்படுகிறது. இப்போதைய ஆசிரியை அன்று முதல் அலுவலகப் பணிக்கு மாற்றப்படுகிறார்.”

பூகோள டீச்சருக்குக் காது அடைத்துக்கொண்டது. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் நேரில் கேட்கும்போது தாங்கவில்லை. மூன்று வருஷம் தினமும் தொட்டுச் சுழற்றிய உருண்டையின் மேல் கை தானாகப் போயிற்று. சாக்பீஸ் டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, கண்ணில் நீர் நிறைந்து எதுவும் தெரியவில்லை. சீட்டி தலையைப் பெஞ்சில் கவிழ்த்துவிட்டான்.

எல்லார் கண்ணும் டீச்சர் மேலேயே இருந்தது. அதனால்தான், கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை. நடந்தால் சத்தம் வராதவள் ஆயிற்றே.

டிங்.

தையல்காரர் மகள் மணிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“புளுகு,” என்றாள். வகுப்பு அவள் குரலைச் சரியாகக் கேட்டதே அன்றுதான்.

பெரிய டீச்சர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “எதை வச்சுச் சொல்றே?”

“நவம்பர்ல முப்பது நாள்தான் மேடம். முப்பத்தொண்ணாம் தேதி வராது. அப்ப எங்க டீச்சர் போக மாட்டாங்க.”

பெரிய டீச்சர் காகிதத்தை மெதுவாக மடித்தார். “முப்பத்தொன்பது பேருக்கும் ஒரு டீச்சருக்கும் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுது,” என்றார். பிறகு பூகோள டீச்சரைப் பார்த்து, “என்ன டீச்சர், அடுத்தவங்க சொன்னா மட்டும் அப்படியே நம்பிடுவீங்களா?” என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சீட்டி பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான். வகுப்பு போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து கணக்கு சார் எட்டிப் பார்த்து, தன்னைப் பார்த்து ஏன் இத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் திரும்பிப் போனார். பூகோள டீச்சர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். இத்தனை வருஷம் அடுத்தவர்களை ஏமாற்றியவருக்கு, ஏமாறுவது இவ்வளவு ஆனந்தமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

“மேலதிகாரி எழுதினது இந்தப் பக்கம்,” என்று பெரிய டீச்சர் காகிதத்தைத் திருப்பினார். “‘இருபத்தாறு வருஷமாக நான் தப்பாகச் சொல்லிவந்ததை, ஒரு பையன் ஒரு நிமிஷத்தில் திருத்தினான். இந்த வகுப்பையும் டீச்சரையும் பிரிக்க வேண்டாம். மூன்றாவது பெஞ்சின் காலைச் சரிசெய்யவும்.’”

“பெஞ்சைச் சரி செய்யக் கூடாது!” என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

“அதுக்கு முன்னாடி நான் உக்காரணுமே,” என்றார் பெரிய டீச்சர். பிள்ளைகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவர் புடவையைச் சுருட்டிக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். நவம்பரைக் கோட்டை விட்ட குற்றத்துக்காகப் பூகோள டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு இருவரையும் பாரபட்சம் பார்க்காமல் ஆட்டியது.

நாற்காலியில் தையல்காரர் மகள். கால் தரைக்கு எட்டவில்லை. பிறகு, “மேடம், எங்கப்பா உங்ககிட்ட வந்து சொன்னார்ல. இன்னைக்கு மணி அடிச்சது நான்தான்னு, நல்லா பண்ணேன்னு, நீங்களே அவர்கிட்டச் சொல்றீங்களா?” என்று கேட்டாள்.

பெரிய டீச்சர் பெஞ்சிலிருந்தே தலையாட்டினார். “கண்டிப்பா சொல்றேன்டா கண்ணு. நாளைக்கே கடைக்கு வந்து சொல்றேன்.”

நாளைக்கு. தையல்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சொல்லின் அருமை பெருமை தெரியாதா? அவள் பெரிய டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். கை மெதுவாக மணிப் பக்கம் போயிற்று.

டிங்.

பெரிய டீச்சர் சிரித்தார். வாய்விட்டு, பெஞ்சு ஆட ஆட, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பல் டாக்டருக்கு அடுத்தபடியாக அந்தப் பல்லை நாற்பது பிள்ளைகளும் பார்த்தார்கள்.

“சரி தாயே, இன்னைக்குச் சாயங்காலமே வர்றேன்,” என்றார்.