வலது பின்னங்கால்

வண்டி கவிழ்ந்து கணவன் போனபோது, லாயத்தில் அவனுடைய குதிரை சினையாக இருந்தது. குட்டியை ஈன்ற கையோடு அதுவும் கண்ணை மூடிவிட்டது. மிஞ்சியது தாயில்லாக் குட்டியும் அவளும்தான்.

புட்டிப்பால் கொடுத்தாள். உடம்பைத் தேய்த்துவிட்டாள். தலைக்கயிறு போடப் பழக்கினாள். வாலு என்று கூப்பிட்டாள். பேர்தான் வாலு, வால் என்னவோ ஒரு சாண்கூடத் தேறாது. கால்களை மட்டும் அவள் தொடவில்லை. உதைத்துவிடும் என்று பயம். குட்டிகளுக்குக் கால் பழக்குவதெல்லாம் அவன் வேலையாகவே இருந்தது.

குளம்பு சீவ லாடக்காரர் வந்தார். முதல் தடவை என்பதால் ரகளை பண்ணும் என்று, பக்கத்து வீட்டிலிருந்த அவள் கொழுந்தனைக் கூப்பிட்டுக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். அவர் குனிவதற்குள் வாலு வலது பின்னங்காலைத் தூக்கிக் கொடுத்தது.

"அட! யாரும்மா பழக்கினது?"

"யாரும் பழக்கலையேண்ணே."

"சும்மா சொல்லாதீங்க. எல்லாரும் இடது முன்னங்கால்லதான் ஆரம்பிப்பாங்க. வலது பின்னங்கால்ல ஆரம்பிக்கிற ஆளு ஒருத்தர்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான்கு குளம்புகளையும் மளமளவென்று சீவிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, பழக்கினது நீங்கதானே?"

"நானா? கிட்டப் போனாலே கடிக்குது அண்ணி. என் சட்டைக் கையைப் பாருங்க."

பொய் சொல்லத் தெரியாத முகம் அது.

அடுத்த நாள் மதியம் பால் புட்டியோடு போனவள் கதவருகே நின்றுவிட்டாள். உள்ளே வாலு தனியாகக் கண் சொக்கி நின்றது. இதமாகச் சொறிந்துவிட்டால் நீட்டுமே, அப்படி மேலுதட்டை நீட்டியிருந்தது. காற்றே இல்லை, பிடரி மயிர் மட்டும் அழுந்தி அழுந்தி எழுந்தது. பிறகு வலது பின்னங்காலைத் தூக்கியது. தானாகத் தூக்கிய கால் என்றால் ஆடும். இது ஆடவில்லை. யாரோ மடியில் வாங்கி வைத்துக்கொண்டதுபோல் அந்தரத்தில் இருந்துவிட்டு, மெல்லக் கீழே இறங்கியது.

அவளுக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

"எத்தனை தடவை கூப்பிட்டேன்? என் கனவுலகூட வரலை. குட்டிக்குப் பாடம் எடுக்க மட்டும் வழி தெரிஞ்சுதா?" புட்டியை ணங்கென்று கீழே வைத்தாள். "போங்க. போதும். இதை நான் பாத்துக்கிறேன்."

வாலு திடுக்கிட்டுக் கண் விழித்தது. பிடரி மயிர் அப்படியே அடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் குட்டி மூலை மூலையாக முகர்ந்து கனைத்தது. பாலைத் தொடவில்லை. மறுநாள் அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பின்னங்காலில் கை வைத்தாள். முழங்காலில் விழுந்தது ஒரு உதை. வைக்கோலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

கொழுந்தன் ஓடிவந்தான். "முந்தாநாள் சாதுவா கால் கொடுத்துச்சே அண்ணி! என்னாச்சு இதுக்கு?"

கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா?

"வந்துடுங்க," என்று முணுமுணுத்தாள்.

"இங்கதானே நிக்கிறேன்," என்றான் கொழுந்தன்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். குட்டியின் தோளில் கையை வைத்து, முதுகு வழியாக, தொடை வழியாக, மெதுவாகக் கீழே கொண்டுபோனாள். தோல் சிலிர்த்தது. இந்தத் தடவை உதைக்கவில்லை, காலையும் கொடுக்கவில்லை. மறுபடியும் தோளிலிருந்து ஆரம்பித்தாள்.