பதினொன்றாம் தெள்ளு

அந்த மாதக் கடைசிக்குள் ஆராய்ச்சி மாணவி லிபியாவுக்கு ஒரு தெள்ளுப்பூச்சியின் பூர்வீகம் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் நான்கு வருட ஆராய்ச்சியும் பழைய பேப்பர்காரருக்குத்தான்.

அந்தமான் பக்கத்துக் குட்டித் தீவு ஒன்றில் தெள்ளு பிடித்து வகை பிரித்தாள். பதினொரு வகை கிடைத்தன. பத்துக்கு வந்த வழி தெரிந்துவிட்டது. சில எலியோடு கப்பலேறியவை. ஒன்று அதிகாரி நாயோடு மாற்றலாகி வந்தது. பதினொன்றாவது ஆட்டுத் தெள்ளு. அந்த ஆடுகள் கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சந்தையில் வாங்கியவை என்றார்கள் தீவுக்காரர்கள். அதே தெள்ளு அந்தச் சந்தையிலும் கிடைத்து, அது ஒட்டிவந்த ஆடு கர்நாடக எல்லைக்கு எந்தப் பக்கம் வளர்ந்தது என்று தெரிந்தால் கடைசி அத்தியாயம் முடிந்துவிடும்.

ஓசூர்க்காரிதான். ஆனால் அவள் வீட்டில் ஆடு என்றால் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு. சந்தைக்குப் போய் நேராகக் கேட்டாள்: "உங்க ஆட்டுல தெள்ளு இருக்குங்களா?"

முதல் வியாபாரி ஆட்டை வெடுக்கென்று பின்னால் இழுத்தார். "எங்க ஆட்டுலயா? அதோ, அந்த வரிசையில கேளும்மா."

அந்த வரிசை இந்த வரிசையைக் காட்டியது. தெள்ளே இல்லை என்று எல்லோரும் சொறிந்துகொண்டே சொன்னார்கள்.

இருபது வருடமாக ஆடு விற்கும் பவளம் மட்டும் ஆட்டைத் தொட விட்டாள். லிபியா ஒரு வெள்ளாட்டின் கழுத்தைச் சீப்பால் வாரினாள். குப்பியில் விழுந்ததை லென்ஸில் பார்த்தாள். தெள்ளின் கன்னத்தில் தீவில் பார்த்த அதே முள்வரிசை!

"அக்கா, இந்த ஆடு எந்த ஊரு?"

"உனக்கு எந்த ஊரு வேணும் கண்ணு?"

"நெசமா எந்த ஊருன்னு சொல்லுங்க்கா."

"நம்ம பக்கத்து நாகரசம்பட்டி!" என்றாள் பவளம், ஆட்டின் முதுகை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த கறிக்கடைக் கிருஷ்ணப்பன் காதில் விழும்படி. "மாந்தோப்புல மேஞ்சது."

"போன வாரம் உத்தனப்பள்ளின்னு சொன்னியே?" என்றான் அவன்.

"அது வேற. இதோட அக்கா."

பக்கத்தில் இரண்டு பேர் துண்டுக்கடியில் கைகோத்து, விரலால் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தையில் வாய் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். துண்டுக்குள் விரல் பொய் சொன்னால் மறுவாரம் யாரும் கைகொடுக்க மாட்டார்கள். லிபியா துப்பட்டாவை எடுத்துப் பவளத்தின் கைமேல் போட்டாள்.

"ஒரு விரல்னா நம்ம பக்கம். ரெண்டுன்னா பார்டருக்கு அந்தப் பக்கம்" என்று காதோரம் கிசுகிசுத்தாள்.

"இதுல வெலைதாம்மா பேசுவோம்."

"நாலு வருசம் போட்டிருக்கேங்க்கா. எனக்கு இதுதான் வெலை."

பவளம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாகரசம்பட்டியேதான்!" என்று வாய் சந்தைக்கே கேட்கக் கூவியது. துப்பட்டாவுக்குள் இரண்டு விரல்கள் லிபியாவின் உள்ளங்கையில் அழுந்தின.

ஆட்டுக்குப் போட்டி வந்துவிட்டது என்று கிருஷ்ணப்பன் பதறினான். "அந்தப் பொண்ணு எவ்வளவு கேட்டுச்சு?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லுவாங்களாப்பா?"

அவ்வளவுதான். அவன் தன் துண்டை உருவிப் பவளத்தின் கைமேல் போட்டான். பேரம் நிமிடத்தில் முடிந்து, ஆடு மிச்சத் தெள்ளுகளோடு கறிக்கடைக்கு நடந்தது.

லிபியா குப்பிச் சீட்டில் எழுதினாள்: 'எல்லைக்கு அந்தப் பக்கம். சொன்னவர்: பவளம், துப்பட்டாவுக்கடியில்.'

"அடுத்த வாரமும் துப்பட்டாவோட வா கண்ணு" என்றாள் பவளம். "இன்னும் ஏழு ஆடு நிக்குது. எல்லாத்துலயும் தெள்ளு இருக்கு."