வாய் படாத தண்ணீர்

என் வார்டில் காலரா வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வரும். 1911-இல், கோலாலம்பூரில் ஒரு ஜெயிலின் பெண்கள் பகுதிக்கு நான்தான் வார்டர்.

பதினொரு கைதிகள். தண்ணீரை நானே கொதிக்கவைத்து, ஆறியதும் தவலையில் ஊற்றி மூடிவைப்பேன். சொம்பில் மொண்டு எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். யாராவது வாய் வைத்துவிட்டால் மற்றவர்கள் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். இதைவிடச் சுத்தம் வேறென்ன என்று இருந்தேன்.

அப்படியும் தங்கமணி விழுந்தாள். நாலாம் நாள் இன்னொருத்தி. இரண்டு பேரையும் நோய்க் கொட்டகைக்குத் தூக்கிப்போனார்கள். ஜெயிலில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வாலண்டைன் வந்து பார்த்தார்.

“செசிலியா, தண்ணி காய்ச்சலியா?”

“என்னைப் பார்த்தா பொய் சொல்றவ மாதிரியா இருக்கு?”

“இன்னும் ஒருத்தி விழுந்தா, மிச்ச எல்லாரையும் கொட்டகைக்கு அனுப்பணும். மேலேருந்து ஆர்டர்.”

நோய்க் கொட்டகைக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை.

அன்று சாயந்தரம் மாரியாயிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கிள்ளான் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒப்பந்தம் முடியுமுன் ஓடிப்போனதற்காக உள்ளே வந்தவள். சாதியைச் சொல்லி அவளைத் தவலைப் பக்கமே விடமாட்டார்கள். முதலில் தடுத்தவள் சீதாலெட்சுமி, சம்சு சாராயம் காய்ச்சி மாட்டிக்கொண்டவள். சண்டை எதற்கென்று நானும் கெட்டிலிலிருந்து நேராக மாரியாயி கையில் ஊற்றிவிடுவேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

“அக்கா, அவங்க வாய்தான் படல. கைய முக்குறாங்களே,” என்றாள் மாரியாயி.

திரும்பிப் பார்த்தேன். சீதாலெட்சுமி சொம்போடு கையை மணிக்கட்டுவரை தவலைக்குள் விட்டிருந்தாள். காலையில் விழுந்தவளின் துணியைக் கசக்கிய கை! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தவலையைக் கவிழ்த்து, வெந்நீரில் கழுவி, புதுத் தண்ணீர் காய்ச்சினேன். நீளக் காம்பு வைத்த சிரட்டை அகப்பையை மாரியாயியிடம் கொடுத்தேன்.

“இனிமே மொள்றது இவ மட்டும்தான். நீங்க சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வந்து ஏந்துங்க.”

“இவ கையாலயா? அதுக்குச் செத்துப்போறேன்,” என்றாள் சீதாலெட்சுமி.

“சாவு. ஆனா மத்தவங்களையும் கூட்டிக்கிட்டுப் போகாதே.”

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சீதாலெட்சுமி மறுநாள் மத்தியானம்வரை தாக்குப்பிடித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, தலையைக் குனிந்தபடி ஏந்தினாள். மாரியாயி அகப்பை நிறைய மொண்டு, போதும் போதும் என்கிறவரை ஊற்றினாள்.

இருபது நாளாயிற்று. யாரும் விழவில்லை. கொட்டகையிலிருந்து தங்கமணியும் தேறி வந்துவிட்டாள். வாலண்டைன் தவலையையும் அகப்பையையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

“ஆம்பளைங்க பக்கமும் இப்படியே செய்யப்போறோம். ரிப்போர்ட்ல எழுதணும். உன் யோசனைதானே, செசிலியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சீதாலெட்சுமி முந்திக்கொண்டாள்.

“இல்லீங்கய்யா. கைதான் காரணம்னு கண்டுபிடிச்சது எங்க மாரியாயி. அவ பேர எழுதுங்க.”

வாலண்டைன் பென்சிலை எடுத்தார். மாரியாயி அகப்பையைக் கீழே வைக்காமல், தன் பெயரையும் அப்பன் பெயரையும் கணீரென்று சொன்னாள்.